பூட்டுப் போட்ட பாலம்

மறுபடியும் ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் வந்து நின்றது.

ஆண்டிச்சாமிக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. சட்டையில் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார்.

திரையில் தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். அத்தனையும் அவர் கட்டியவை. ரோடு போட்டது அவர், குழாய் பதித்தது அவர், ஆஸ்பத்திரி எழுப்பியதும் அவரே. ஊரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஓடிய ரயில்பாதை மட்டும் அவர் போட்டதல்ல. ஆட்டம் தொடங்கும்போதே அது அங்கே இருந்தது.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இனாமாக வந்த சிடி. வெறும் டெமோ. ஊரைக் கட்டலாம், வரி போடலாம், ராஜா மாதிரி ஆளலாம். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். கட்டிய ஊரும் போய்விடும்.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது தாமரைச்செல்வியின் பிரவுசிங் சென்டர். மகளுடைய பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கத்தான் முதலில் அங்கே போனார். பக்கத்துத் திரையில் ஓர் ஊரும், அதன் நடுவே ஒரு ரயிலும் ஓடுவதைக் கண்டார். அன்றோடு பிடித்தது பைத்தியம். வேலைக்குப் போகிற வழியில் தினமும் மாடி ஏறிவிடுவார்.

ஐம்பது வயதில் விளையாட்டுப் புத்தி என்று கீழே டீக்கடையில் சிரித்தார்கள். விளையாடுகிறவன் முகமா அது? பரீட்சை எழுதுகிறவன்கூட அப்படி வெளிறிப்போய் உட்கார்ந்திருக்க மாட்டான்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம்.

பாலத்தின் படம் திரையின் ஓரத்தில் இருந்தது. அதன்மேல் குட்டியாக ஒரு பூட்டு. தொட்டால் இங்கிலீஷில் ஒரு வரி வரும். காசு கொடுத்து வாங்குகிற முழு ஆட்டத்தில்தான் பாலம் கிடைக்கும் என்று தாமரைச்செல்வி முதல் நாளே படித்துச் சொல்லிவிட்டாள். அப்படியும் ஒவ்வொரு ஊரிலும் அதைத் தொட்டுப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியை இந்தப் பக்கம் மாற்றிக் கட்டினார். அந்தப் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனது. இரண்டு பக்கமும் கட்டலாமென்றால், டெமோவில் ஓர் ஆஸ்பத்திரிக்குமேல் கிடையாது.

கவுண்டரில் தாமரைச்செல்வி யாருக்கோ பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

போன மாசியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பா நல்லகாமனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டவள் அவள். ரயில்வே கேட் போட்டிருந்தது. எக்ஸ்பிரஸ் வண்டி வரத் தாமதமானது. வண்டி போய்க் கேட் திறந்தபோது ஆட்டோ மதுரைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பியது. ஊருக்கே தெரிந்த கதை.

பிரிண்டைக் கொடுத்துவிட்டு அவள் அவர் பின்னால் வந்து நின்றாள்.

"அந்தத் தண்டவாளத்தப் பேத்து எறிஞ்சிருங்கண்ணே. அப்பறம் கேட்டு எங்கிட்டு இருந்து வரும்?"

"தண்டவாளத்துல கை வைக்கக் கூடாதும்மா." அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஊரு நேத்து வந்தது. அது அதுக்கு முந்தியே கெடக்கு."

ஆம்புலன்ஸின் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. உள்ளே இருப்பவருக்கு மிச்சமிருக்கிற உயிர் அது. தேய்ந்துகொண்டே வந்தது.

ஆண்டிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு புல்டோசர் படத்தைத் தொட்டார். அம்பைத் தண்டவாளத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார். ஒரு அழுத்து அழுத்தினால் போதும். பாதை போய்விடும், கேட்டும் போய்விடும்.

திரையின் இடது ஓரத்தில் ரயில் தலைகாட்டியது.

விரலை எடுத்துவிட்டார்.

பொம்மை ரயில்தான். அதில் ஓட்டுகிறவன் இல்லை, ஒரு பயணி இல்லை. கவிழ்ந்தால் ஒரு ஈகூடச் சாகாது. அவருக்கும் அது தெரியும். இருந்தும் விரல் இறங்க மறுத்தது. கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். போ, போ, சீக்கிரம் போய்த் தொலை என்று முணுமுணுத்தார். அன்றைக்கென்று நீளமான வண்டி.

கடைசிப் பெட்டி கடந்ததும் ஓங்கி அழுத்தினார்.

தண்டவாளம் மறைந்தது. கேட் மறைந்தது. ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றது. அதன் தலைக்கு மேலே சிவப்புக் கோடு இல்லை.

பிறகு திரை கறுத்து, டெமோ முடிந்தது என்று நன்றி சொன்னது.

ஆண்டிச்சாமி கீபோர்டின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதார்.

தாமரைச்செல்வி அவர் கையிலிருந்து மவுஸை மெதுவாக வாங்கினாள். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். காலி நிலமும் நடுவே ரயில்பாதையும் வந்தன.

"மூணு மணி வண்டிக்கு நேரமாச்சுண்ணே," என்றாள். "நீங்க போயி கேட்டப் போடுங்க. நான் இதப் பாத்துக்கிறேன்."

தனக்கு என்ன வேலை என்று அவர் அவளிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி அவள் கேட் கம்பிக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்னை அவள் பார்த்திருக்க மாட்டாள் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளி வைத்திருந்த பையை இழுத்தார். உள்ளேயிருந்த பச்சைக்கொடியின் கம்பு நாற்காலிக் காலில் இடித்தது.