மாறாதவை

ரோபோ ஒரு கோப்பையை நகர்த்தினால், வேறு எதெல்லாம் மாறவில்லை என்பதையும் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லும் தர்க்கமுறை ஒன்று. சொல்லாததெல்லாம் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்ட கட்டுரையில், முதலாவது வீண்வேலை என்று எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார் தேவநேசன். மறதிநோய் முற்றியிருந்த மனைவி ரூபி, மேசையிலிருந்த கோப்பையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். வைத்ததுமே மிரண்டுபோய் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“கதவு அங்கயேதான் இருக்கு, ரூபி. விளக்கு எரியுது. இது நம்ம வீடுதான்.”

“நீங்க?”

“நானும் இங்கயேதான் இருக்கேன்.”

அவள் முகம் தெளிந்தது. கோப்பையை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தாள். வைத்ததும் மறுபடி மிரண்டு சுற்றிப் பார்த்தாள்.

“கதவு அங்கயேதான் இருக்கு, ரூபி,” என்று அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.