தங்கக் கலர்

பிறந்து நான்கு நாளான குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதன் நிறத்தைத்தான் மெச்சினார்கள். "நம்ம வீட்டுல யாருக்கும் வாய்க்காத தங்கக் கலரு" என்று பூரித்தாள் நாத்தனார் வேதவல்லி. பெற்றவள் அஞ்சுகத்துக்கும் பெருமைதான். ஆனால் காலையிலிருந்து குழந்தை பாலுக்கு எழவில்லை. ஜன்னலோரம் கிடத்தி, அதன் மார்பை விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது. தன் மஞ்சள் சேலையின் சாயலோ என்று வேறு சேலை மாற்றி வந்தும் பார்த்தாள்.

"அண்ணி, கண்ணுகூட மஞ்சளா இருக்கு."

"திருஷ்டியா இருக்கும், சுத்திப் போடுறேன்." வேதவல்லி மிளகாய் எடுக்க உள்ளே போனாள்.

தையல் வலியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய அஞ்சுகம் ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"எங்கம்மா போகணும்?"

"இந்தப் புள்ள என்ன நிறம்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். "ஏறும்மா" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைக் கிளப்பினார்.