மான் முத்திரை

"ஒரு டின்னுலகூட எங்க நாட்டு முத்திரையைக் காணோமே டாக்டர். சந்தைக்குப் போற சரக்கா?"

உதவி அனுப்பிய நாட்டின் அதிகாரி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். டாக்டரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் வரிசையாகப் பால்பவுடர் டின்கள். முத்திரையான துள்ளும் மான் இருந்த இடத்திலெல்லாம் பிளேடால் சுரண்டிய வெறும் தகரம்.

"யார் வேலை இது?"

"நான்தாம்மா," என்றார் ஸ்டோர்கீப்பர். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி.

"யாருக்கு விக்கப் பாத்தீங்க?"

"ஒரு டின்கூட வெளிய போகல. சாவி என் இடுப்பை விட்டு இறங்கல."

"அப்புறம் எதுக்கு? பொழுது போகலையா?"

அவர் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். "இவர் போகட்டும், சொல்றேன்."

"இவர் முன்னாடியே சொல்லுங்க."

கல்லுளிமங்கன். டின்களை நேராக அடுக்கத் தொடங்கினார்.

"அதை விடுங்க," என்றார் அதிகாரி. "ஒரு தாய், ஒரு குழந்தை, முத்திரையோட ஒரு டின். போட்டோ போனாத்தான் அடுத்த லாரி கிளம்பும்." பையிலிருந்து ஒரு மான் ஸ்டிக்கரை எடுத்து நீட்டினார்.

வார்டில் முப்பது குழந்தைகள். இருக்கும் பவுடர் ஒரு வாரம் தாங்காது. டாக்டரம்மா தன் கையாலேயே அதை ஒரு டின்னில் ஒட்டினார்.

"நாலாம் நம்பர் கட்டில்ல எடுங்க. அந்தக் குழந்தை இப்பத்தான் தேறி வருது."

ஸ்டோர்கீப்பர் குறுக்கே வந்தார். "அங்க மட்டும் வேணாம்மா."

"பண்ணின திருகுதாளம் போதும். வழி விடுங்க."

நாலாம் கட்டிலில் தாய், குழந்தையை மடியில் போட்டு ஸ்பூனால் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக இதே பால்தான்.

டாக்டரம்மா டின்னை அவள் பக்கத்தில் வைத்தார். அதிகாரி கேமராவைத் தூக்கினார்.

"லேசா சிரிங்கம்மா."

அவள் டின்னைப் பார்த்தாள். ஸ்பூன் பாதியில் நின்றது.

"இதையா இத்தனை நாளா என் பிள்ளைக்குக் குடுத்தேன்?"

குழந்தை அடுத்த வாய்க்காக வாயைத் திறந்தது. அவள் பால் கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்தாள்.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள்.

"குண்டு விழுந்த அன்னிக்கு, என் வீட்டுக்காரரையும் பெரியவளையும் தோண்டி எடுத்தாங்க. கூடவே இதுவும் கிடைச்சுது."

உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. கருகிப்போன அதன் ஓரத்தில், துள்ளும் மானின் தலை மட்டும் மிச்சமிருந்தது.