இந்தா!

"பாத்து வாங்கும்மா, இதையாவது கீழ விட்டுடாதே!"

பார்சலை நீட்டிக்கொண்டே ஒருவர் சொன்னதும் வரிசையே சிரித்தது. தபாலாபீஸ் கவுண்டருக்குள் இருந்த பெண் தலை நிமிராமல் வாங்கி எடை போட்டாள்.

வரிசையில் நின்ற ரிலே அணிக் கேப்டனுக்குப் பாவமாக இல்லை. 'நல்லா வேணும்' என்றுதான் தோன்றியது.

பின்னே? ரிலே ஓட்டத்தின் இறுதிப் போட்டி. மூன்றாவதாக ஓடியவள் இந்தப் பெண். அவளிடம் குச்சியை வாங்கிக் கடைசியாக ஓட வேண்டியவள் கேப்டன். வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவள் "இந்தா!" என்று கத்தியதும் கையைப் பின்னுக்கு நீட்ட வேண்டும். மாசக்கணக்கில் பழகிய வேலைதான். அன்றைக்குக் குரலே வரவில்லை; கேப்டன் கை நீட்டவில்லை. குச்சி தரையில் உருண்டது. தங்கமும் அதோடு போயிற்று.

பத்திரிகைக்காரர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். எதையும் நழுவவிடும் 'வெண்ணெய்க் கை' என்று அந்தப் பெண்ணுக்குப் பட்டம் வேறு. அவளுடைய அம்மா கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டாளாம்.

டிவியில் கேட்டபோது கேப்டன் பட்டென்று சொன்னாள்: "அவ கூப்பிடவே இல்ல."

கோச் மட்டும் இழுத்தார். "மைதானத்துல அவ்வளவு கூச்சல்மா. ஒருவேளை..."

"பத்து வருஷமா அதே கூச்சல்லதான் சார் ஓடறேன்," என்று அவர் வாயை அடைத்தாள். தப்பை ஒத்துக்கொள்ளும் கடிதத்தில் நானே அவளிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்று விசாரணைக் கமிட்டியிடம் கேட்டு வாங்கிக்கொண்டும் வந்துவிட்டாள்.

கேப்டனின் முறை வந்தது. கண்ணாடிக்கு அடியில் காகிதத்தைத் தள்ளினாள்.

"'குரல் கொடுக்கத் தவறினேன்'னு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடணும். ரெண்டு வருஷத்துக்கு டீம்ல இடம் கிடையாது. மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிடு."

அந்தப் பெண் குனிந்தபடி ஏதோ சொன்னாள்.

"வாய்க்குள்ளயே பேசாதே! சத்தமாச் சொல்லு!"

கேப்டன் போட்ட அதட்டலில் பக்கத்துக் கவுண்டர்க்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

பெண் நிமிர்ந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"பேனா கொடுங்கக்கா," என்றாள் நிதானமாக.

கையெழுத்து விழுந்தது. ஒரு சண்டை இல்லை, ஒரு சமாதானம் இல்லை. கேப்டனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"ரெண்டு வருஷம் உக்காந்தா உன் ஓட்டமே முடிஞ்சுதுடி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டியா? அப்போ தப்பு உன்னோடதுதானே?"

"என்னோடதாவே இருக்கட்டும்க்கா."

கேப்டன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. திமிர் பிடித்தவள், சண்டைகூடப் போடமாட்டேன் என்கிறாளே!

வாசலைத் தாண்டும்போது யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். சற்று முன் பார்சல் கொடுத்துக் கேலி பேசிய அதே ஆள்.

"ஏம்மா, எவ்வளவு நேரமா அந்தப் பொண்ணு 'அக்கா, அக்கா'ன்னு தொண்டை கிழியக் கத்துது! ஊருக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?"

கேப்டன் திரும்பினாள்.

கவுண்டரை விட்டு மூச்சிரைக்க ஓடி வந்திருந்தாள் அந்தப் பெண். கையில் கேப்டன் மறந்துவிட்டு வந்த பேனா. வரிசை முழுக்க இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கேப்டனுக்கு நேர் எதிரே, வேறு யாருக்கும் கேட்காத அளவுக்கு நெருங்கி நின்று, பேனாவை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"அன்னைக்கும் மூணு தடவை கத்தினேன்க்கா. கமிட்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி, டாக்டர்கிட்டப் போய்க் காதைக் காட்டிடுங்க."