பத்து ஐம்பத்திரண்டு

சைரன் அலறியது.

ஐஸ் தொழிற்சாலையின் பின்வாசல் வழியாக ஆட்கள் முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியாக மூன்றாம் அறை லோடுமேனைத் தூக்கி வந்தார்கள். அவர் இருமவில்லை.

அம்மோனியா கசிந்தால் முதலில் கத்த வேண்டியது கட்டுப்பாட்டு அறைக் கணினி. அது வாயே திறக்கவில்லை. நெடி மூக்கில் ஏறிய பிறகு வாசல் காவலாளி ஓடிப்போய்க் கையால் அழுத்திய சைரன்தான் இது.

கணினி ஏன் கத்தவில்லை என்று மேனேஜர் ஆபரேட்டரைக் கேட்டார். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வாசலில் கூடியிருந்த பேக்கிங் பெண்களில் ஒருத்தி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"ஏசி ரூமு, சுத்துற நாற்காலி. தூக்கம் வராம வேற என்ன வரும்?"

உயிர் போயிருக்கிறது. வேலை போவதோடு முடியாது. ஜெயில் வரை இழுக்கும்.

கணினிக்காரனை வரவழைத்தார்கள். அவன் உள்ளே நுழைந்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. இவனுக்கு எல்லாம் தெரியும், இவனைக் கேளுங்கள் என்றாள்.

கசிவைக் கவனிக்கும் அந்த டாஸ் புரோகிராம் முப்பது வருடப் பழசு. எழுதிய கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. புதுக் கணினியில் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்ததை அவன்தான் வழிக்குக் கொண்டுவந்தான். எமுலேட்டர் போட்டு, புதுக் கணினிக்குள் பொய்யாக ஒரு பழைய கணினியை உண்டாக்கி, அதற்குள் ஓடவிட்டான். திரையின் ஒரு பாதியில் கறுப்புக் கட்டம், பச்சை எண்கள். மறுபாதியில் அவள் நாள் முழுக்கத் தட்டும் லாரிப் பட்டியல்.

அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து.

கறுப்புக் கட்டத்தின் மூலையில் பத்து ஐம்பத்திரண்டு.

அவன் சுவர்க் கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தான்.

லாரிப் பட்டியல் ஆமையாய் நகர்கிறது என்று முந்தாநாள் மேனேஜர் குதித்தார். கணினியின் பாரத்தைக் குறைக்க, எமுலேட்டரின் அமைப்பில் அவன் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தான். அதன் பிறகு, பட்டியல் பக்கம் மவுஸைச் சொடுக்கினால் கறுப்புக் கட்டம் உறைந்துவிடும். திரும்பி வந்து அதைச் சொடுக்கினால்தான் உயிர் வரும்.

அதை அவளிடம் சொல்ல மறந்துபோனான்.

நாற்பத்து மூன்று நிமிடமாக எண்கள் செத்துக் கிடந்தன. அவள் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேனேஜர் போனில் இருந்தார். அவன் அந்தச் சொல்லை அழித்தான். எமுலேட்டரை மூடித் திறந்தான்.

அறைகளில் வாயு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அலாரம் காது கிழியக் கத்தியது.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி நிதானமான மனிதர். புரோகிராம் நின்றுபோக வாய்ப்பு உண்டா என்று கேட்டார். நீங்களே கேட்டீர்களே சார், நன்றாகத்தானே கத்துகிறது என்றான் அவன்.

அதிகாரிக்கு மனம் ஒப்பவில்லை. பதினொரு மணிக்கு ஜன்னலைக் கடந்துபோன காவலாளி, அவள் கண் திரைமேல்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறார். விழித்திருந்த பெண்ணுக்கு அலாரம் எப்படிக் கேட்காமல் போகும்?

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசாகத் தெளிவுகூட வந்தது. இப்போது சொல்லிவிடுவான்.

அவன் சங்கடப்படுகிறவனைப் போலப் பின்கழுத்தைச் சொறிந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"என் கூடப் பொறந்த அக்கா சார், நானே சொல்லக் கூடாது. சின்ன வயசுலேர்ந்தே அவ கண்ணைத் திறந்துக்கிட்டுதான் தூங்குவா."