இடது பக்கக் கண்ணாடி

"யாரும் தூக்காதீங்க. முதல்ல போட்டோ."

முன்னால் போய்க்கொண்டிருந்த இன்ஜினியர் வண்டியை நிறுத்திவிட்டு, செல்போனும் கையுமாக இறங்கி ஓடிவந்தார். மலைப்பாதையின் நடுவில், சரளைக் கல்லில், அந்தப் பெரிய பைக் இடது பக்கமாகப் படுத்திருந்தது. ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு பக்கத்திலேயே பேக்கரிக்காரரும் படுத்திருந்தார். உருண்டை உடம்பு. அதனால் நண்பர்களுக்கு அவர் பூசணி.

"கொஞ்சம் சிரி பூசணி."

"சிரிச்சுக்கிட்டுதான்யா இருக்கேன். தொப்பை தெரியாம எடு."

"அதுக்கு நான் அடுத்த மலைக்குப் போய் நின்னு எடுக்கணும்."

விழுந்தவரை முதலில் போட்டோ எடுக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியைத் தூக்க வேண்டும், மலை இறங்கியதும் விழுந்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஞாயிறுதோறும் காடுமேடு சுற்றும் அந்த ஐந்து பேரின் சட்டம் இது. டீ பெரும்பாலும் பூசணியுடையதுதான். விழாமல் அவர் ஒரு மலை ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

வரிசையில் பல் டாக்டர் எப்போதும் கடைசி, அவருக்கு முன்னால் பூசணி. டாக்டர் மெல்ல வந்து ஸ்டாண்டு போட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். போன உயிர் திரும்பி வந்தது.

முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இதே பாடுதான். கரடுமுரடான பாதையில் பெரிய வண்டியை எழுந்து நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். கொஞ்ச நேரம் நின்றாலே முட்டி கெஞ்சும். வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. குணமாகி வந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும் அறிவித்திருந்தார்:

"எனக்காக எவனாவது வண்டியை நிறுத்தினா, அன்னிக்கே என் வண்டியை வித்துடுவேன். பாவம் பார்த்து யாரும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வேணாம்."

சொன்னால் செய்கிறவர். ஆனால் வண்டி போனால் ஞாயிறு போகும். ஞாயிறும் போனால் வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய வண்டி?" என்றார், முட்டியைத் தேய்த்தபடி.

"ஓட்டத் தெரிஞ்சவங்க நாலு பேர் இருக்கீங்கல்ல. விழறதுக்கு ஒருத்தன் வேணாமா?"

மூச்சுப் பிடித்து எல்லோருமாக வண்டியை நிமிர்த்தினார்கள். வண்டியின் இடது பக்கத் தடுப்புக் கம்பி இன்னும் கொஞ்சம் கோணியிருந்தது.

"எத்தனை தடவை விழுந்தாலும் கண்ணாடி மட்டும் உடைய மாட்டேங்குது பாரு. உனக்கு மச்சம்யா" என்றார் இன்ஜினியர்.

"எல்லாம் டீ குடிச்சவங்க வாழ்த்து" என்று பூசணி கண்ணாடியைத் துடைத்து, சரியாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே, பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அந்த ஒரு முறை யாரும் போட்டோ எடுக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

பேக்கரியை மறுபடி திறப்பதற்கு முதல் நாள், பூசணியின் மனைவி நால்வரையும் கூப்பிட்டிருந்தார்.

"கடையில மாட்ட ஒரு நல்ல போட்டோ வேணும்ணே. வீட்டுல இருக்கறதுல எல்லாம் கடன்காரனைப் பார்த்த மாதிரி முறைக்கிறாரு."

இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்தார். சேற்றில் பூசணி. ஓடைத் தண்ணீரில் பூசணி. முள்செடிக்குப் பக்கத்தில், கட்டைவிரலை உயர்த்தியபடி பூசணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு கிளம்பியது. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பூசணி இல்லாமல் போன முதல் ஞாயிறு, யாரும் விழவில்லை, எங்கும் நிற்கவில்லை. உச்சியில் அவரால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அவருடைய வண்டியை வாங்க மறுநாள் ஆள் வருவதாக ஏற்பாடு. இன்ஜினியர்தான் ஆள் பிடித்துக் கொடுத்திருந்தார்.

"நிக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லையாண்ணே?"

"நின்னா யாரும்மா எடுத்தாங்க? சட்டம் அப்படி."

"எனக்கு இதுதான் புரியல. முட்டைத் தட்டு முட்டைத் தட்டா பின்னால கட்டிக்கிட்டு இந்தக் குறுகல் சந்துல அதே வண்டியிலதான் வருவாரு. ஒரு முட்டை உடைஞ்சதில்ல." பெருமூச்சு விட்டவர் திரையைக் காட்டினார். "சரி, இதையே மாட்டிடுங்க. படுத்துக்கிட்டே வியாபாரத்தைப் பார்க்கட்டும்."

"கொஞ்சம் இரு" என்றார் டாக்டர். "பெரிசு பண்ணு. இதுக்கு முந்தினது. அதுக்கும் முந்தினது."

எல்லாப் படத்திலும் ஓர் ஓரத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் அவரேதான். ஆனால் அவர் பார்த்தது அதை அல்ல, ஹேண்டில்பாரை.

"என்னய்யா அப்படிப் பார்க்கறே?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடு. வண்டியை விக்கல."

விழப்போகிறவன் எவனாவது முதலில் கண்ணாடியை மடக்கி வைப்பானா? ஒவ்வொரு படத்திலும் இடது பக்கக் கண்ணாடி பத்திரமாக உள்பக்கம் மடங்கியிருந்தது.

பேக்கரிப் பின்சந்தில் நிற்கும் பூசணியின் வண்டியில், பின்னால் வருகிறவரைக் காட்டும் அந்தக் கண்ணாடியில், இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை.