மணப்பட்டு அம்பயர்

"சொந்த ஊர்க்காரனுக்கு வெரலத் தூக்குற அம்பயர் இந்த ஒலகத்துலயே பொறக்கல. எவனாவது தூக்கினான்னு வெச்சிக்க, ஒண்ணு அவன் மெண்டலு, இல்லன்னா உள்ள இன்னாமோ இருக்குது."

கேப்டன் கலைவேந்தன் இதைக் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னான். இத்தனை வருட கிரிக்கெட் தனக்குக் கற்றுத் தந்த வாழ்க்கைப் பாடம் இது ஒன்றுதான் என்றும் சேர்த்துக்கொண்டான். கரியமாணிக்கம் டீம் பக்தியோடு தலையாட்டியது.

அறுவடை முடிந்த வயலில் நடக்கும் ஆட்டத்துக்கு வெளியாள் அம்பயர் ஏது? பேட்டிங் பிடிக்கிற ஊரிலிருந்தே ஒருத்தர் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்பார். அதனால் ரன் அவுட் என்ற சம்பவம் அந்த வட்டாரத்தில் அநேகமாக நடப்பதே இல்லை.

இன்று மணப்பட்டோடு ஃபைனல். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் தோற்றாயிற்று. இதுவும் போனால் கேப்டன் பதவி அரிகரனுக்கு என்று டீம் கூடிப் பேசி முடித்திருந்தது.

மணப்பட்டு முதலில் ஆடியது. வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ராசு, ஒரு ரன்னுக்கு ஓடிவந்து கோட்டருகே விழுந்தான். ஸ்டம்ப் பறந்தது, புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கரியமாணிக்கம் கத்திவைத்தது.

மணப்பட்டு அம்பயர் பாக்யராஜ் விரலைத் தூக்கினார்.

கத்தியவர்களே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். மணப்பட்டு ஆட்கள் வரப்பிலிருந்து எழுந்து வந்து அவரிடம் எகிறினார்கள். ராசு மட்டும் வாயே திறக்கவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மட்டையை இழுத்துக்கொண்டு போனான்.

"டீசன்ட்டான டீமுடா," என்றான் அரிகரன்.

"இன்னாடா டீசன்ட்டு? அந்தாளு எதுக்குடா நேர்மையா இருக்கணும்?"

கலைவேந்தன் துப்பு துலக்கினான். நம்ம ஊரில் பெண் கேட்டு வரப்போகிறாரா? அவருக்குக் கல்யாண வயதில் பிள்ளையே இல்லை. நம் ஆட்கள் யாராவது காசு கொடுத்துக் கவனித்தார்களா? எல்லோரும் சத்தியம் செய்தார்கள். இடைவேளையில் மோரை நீட்டி நேரடியாகவே கேட்டுப் பார்த்தான்.

"அண்ணே, அந்த அவுட்டு..."

"குடுத்தது குடுத்ததுதான் தம்பி," என்று பாக்யராஜ் மோரைக் குடித்து முடித்தார்.

இதற்குமேல் சந்தேகப்பட வழியில்லை. சந்தேகம் போன இடத்தில் அதைவிட ஆபத்தான ஒன்று வந்து உட்கார்ந்தது: மரியாதை.

கரியமாணிக்கம் ஆடியபோது கலைவேந்தன் சீக்கிரமே அவுட்டாகி, அம்பயராக வந்து நின்றான். கடைசி விக்கெட், ஜெயிக்க இரண்டே ரன். உலகநாதன் தட்டிவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓடிவந்தான். பந்து ஸ்டம்பைச் சாய்த்தபோது மட்டை கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. அதைப் பார்த்தது கலைவேந்தன் மட்டும்தான்.

மணப்பட்டு மொத்தமும் கத்தியது. வரப்பில் உட்கார்ந்திருந்த பாக்யராஜ் மட்டும் கத்தாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலைவேந்தன் தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல் விரலைத் தூக்கினான்.

"டேய், நீ எந்த ஊர்க்காரன்டா?" என்று உலகநாதன் மட்டையை வீசி எறிந்தான். அரிகரன் வந்து, கேப்டன் வசம் இருக்கும் கிட் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

இருந்தாலும் கலைவேந்தனுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. நேராகப் பாக்யராஜிடம் போனான்.

"உங்களப் பாத்துதாண்ணே தூக்கினேன். சொந்த ஆளுன்னு பாக்காம அந்த ராசுவ வெளிய அனுப்பினீங்களே, அதுக்கோசரம்தான்."

பாக்யராஜ் அக்கம்பக்கம் பார்த்தார். தூரத்தில் மணப்பட்டுப் பையன்கள் ராசுவின் கையில் கப்பைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன் அவுட்டே கெடையாது தம்பி. என் தங்கச்சி வூட்டுக்காரன் அவன். பொங்கல்லேர்ந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்ல."